பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒரு பழைய சோலோவைக் காதால் பிடிப்பது எப்படி: முழு வழிகாட்டி

பெடல் ஸ்டீல் என்பது கிடையாக வைத்து, கம்பியின் மேல் எஃகுத் துண்டை நகர்த்தி, காலால் பெடல் மிதித்துச் சுரத்தை மாற்றி வாசிக்கும் கிட்டார். இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்ட சோலோ, அமெரிக்க கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸ் 1964-இல் வெளியிட்ட ‘டுகெதர் அகெய்ன்’ பாட்டின் நடுவே டாம் பிரம்லி வாசிப்பது. மெதுவான பாட்டு, சின்ன சோலோ, வேகக் கணக்கு எதுவும் இல்லை. கேட்டால் இரண்டு நாளில் வந்துவிடும் என்று தோன்றும். எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் தவறான வரிசையில் போனதால் வீணானது.

அப்புறம் புதிதாக வந்தவர்கள் சிலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, எல்லோரும் அதே இடத்தில்தான் தடுக்கினார்கள். டேப் எனப்படும் எண் குறிப்பைத் தேடி எடுத்து, எந்த ஃப்ரெட் (கம்பிக்கு அடியில் சுர இடத்தைக் காட்டும் கோடு), எந்தப் பெடல் என்று மனப்பாடம் செய்கிறார்கள். வாசித்தால் சுரம் எல்லாம் சரி, ஆனால் அந்த சோலோ போல ஒலிக்காது.

ஒரு சொல் விளக்கம். கம்பியின் மேல் வைத்து நகர்த்தும் எஃகுத் துண்டை எல்லோரும் ‘பார்’ என்பார்கள். தமிழில் எழுதினால் எதைப் பார்ப்பது என்று குழம்பும். அதனால் இங்கே உருளை என்றே எழுதுகிறேன்.

1. உட்காரும் முன் சரிபார்க்க வேண்டியவை

10 கம்பி, ஈ9 டியூனிங் (கம்பிகளைச் சுருதி சேர்க்கும் ஒரு வழக்கமான முறை), 3 பெடல், முழங்காலால் தள்ளும் லீவர் குறைந்தது 2. இது இருந்தால் போதும். உங்கள் கருவியில் எந்தப் பெடல் எந்தக் கம்பியை எவ்வளவு ஏற்றுகிறது என்ற பட்டியலை (இதற்குக் கோப்பெடன்ட் என்று பெயர்) ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டுங்கள். வழக்கமான அமைப்பு இது:

ஏ பெடல்: 5, 10-ஆம் கம்பிகள் பி-யிலிருந்து சி ஷார்ப்.
பி பெடல்: 3, 6-ஆம் கம்பிகள் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ.
சி பெடல்: 4-ஆம் கம்பி ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப், 5-ஆம் கம்பி பி-யிலிருந்து சி ஷார்ப்.
ஒரு லீவர் 4, 8-ஆம் கம்பிகளை அரைச் சுரம் ஏற்றும் (எஃப் லீவர்). இன்னொன்று அதே கம்பிகளை அரைச் சுரம் இறக்கும்.

பெடல் பெயரும் சுரப் பெயரும் ஒன்றாக இருப்பது யாரைத்தான் குழப்பாது! ஏ பெடலுக்கும் ஏ சுரத்துக்கும் சம்பந்தமில்லை. சில கருவிகளில் பெடல் வரிசை இடமிருந்து வலமாக ஏ, பி, சி. சிலவற்றில் தலைகீழாக சி, பி, ஏ. முதலாவதை எம்மன்ஸ் அமைப்பு என்பார்கள், இரண்டாவதை டே அமைப்பு. பழைய கருவி வாங்கியவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடுக்கல்: 1-ஆம் கம்பிதான் உச்ச சுரம் என்று சாதாரண கிட்டார் பழக்கத்தில் நினைத்துவிடுவோம். இதில் உச்ச சுரம் 3-ஆம் கம்பி. 1-உம் 2-உம் அதற்குக் கீழே. கம்பிகளில் மிக மெல்லியதும் அந்த 3-ஆம் கம்பிதான், அடிக்கடி அறுவதும் அதுதான். உபரியாக நாலைந்து வாங்கி வையுங்கள்.

அப்புறம் செருப்பு. சிரிக்க வேண்டாம். வீட்டுக்குள் காலணி போடும் வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் முழங்கால் லீவருக்கும் தொடைக்கும் நடுவே உள்ள இடைவெளி, காலடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஒருநாள் வெறுங்கால், மறுநாள் தடித்த ஷூ என்று மாற்றினால் கணுக்கால் எதையும் நினைவில் வைக்காது. வெறுங்கால் என்றால் எப்போதும் வெறுங்கால். இருக்கையின் உயரமும் அப்படித்தான்.

2. சுருதி சேர்க்கும் வரிசை

முதலில் பெடல் எதையும் தொடாமல் 10 கம்பிகளையும் தலைப்பக்க ஆணியில் சேர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பெடலாக மிதித்து, வலது ஓரத்தில் உள்ள நைலான் திருகுகளில் அந்த மாறிய சுரத்தைச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். திறந்த சுரம் அசைந்தால் பெடல் சுரமும் சேர்ந்து அசையும்.

டியூனர் முள் நடுவில் நின்றால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஜி ஷார்ப் இங்கே ஈ கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டின்) காந்தாரம். டியூனர் சொல்லும் இடத்தில் வைத்தால், உருளைக்கு அடியில் இரண்டு கம்பிகள் நீண்டு ஒலிக்கும்போது அது உறுத்தும். தூய காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கீழே இருக்கிறது. தம்பூராவில் காது பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஈ-யையும் ஜி ஷார்ப்பையும் சேர்த்து மீட்டி, அலை அடிப்பது அடங்கும்வரை இறக்குங்கள். மற்ற வாத்தியங்களோடு வாசிப்பவர்கள் பலர் முழு 14 இறங்காமல் நடுவில் எங்கேயோ நிறுத்துவார்கள். ஏ பெடல் தரும் சி ஷார்ப்புக்கும் இதே கதைதான்.

ஏ, பி இரண்டையும் மிதிக்கும்போது, மிதிக்காத கம்பிகளும் சில சென்ட் இறங்கினால் திகைக்க வேண்டாம். இழுவிசையில் கருவியின் உடலே இம்மி வளைகிறது. எல்லாக் கருவியிலும் கொஞ்சம் உண்டு.

3. சோலோவை மட்டும் வெட்டி எடுங்கள்

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். சோலோவுக்கு முன் இரண்டு வரி, பின் ஒரு வரி சேர்த்து வெட்டுங்கள். முன்வரி ஏன் என்றால், பாடகர் விட்ட இடத்தை வைத்துத்தான் முதல் சுரத்தின் கனம் புரியும்.

அதன்பின் வேகத்தை 70 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் குறைத்து இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறைய வேண்டும். 50-க்குக் கீழே போகாதீர்கள். அங்கே ஒலி சிதைந்து, பெடல் அசைவும் உருளை அசைவும் ஒரே மாதிரி கேட்கும். பழைய ஒலிநாடாவிலிருந்து வந்த ரெக்கார்டுகள் சில டியூனருக்குச் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். அப்போது கோப்பின் சுருதியைத் திருத்துங்கள், கருவியைத் திருகாதீர்கள்.

4. முதலில் வாயால் பாடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் போனேன். சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில் மேலே போகும் வரிசையை, அதாவது மேல் குரலை மட்டும் எடுத்து, மூச்சு விடும் இடம் உட்பட, ரெக்கார்டு இல்லாமல் பாட வரும்வரை கருவியைத் தொடாதீர்கள். அதற்கு நாலு நாள் ஆகும்.

காரணம் எளிது. பெடல் ஸ்டீலில் இரு கை, இரு கால், இரு முழங்கால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அடுத்து என்ன சுரம் என்று யோசிக்க மனதில் இடமே இருக்காது. பாட்டு தொண்டையில் இருந்தால் காலுக்கு யோசனை மிச்சமாகும்.

மேல் குரல் வந்தபின் இரண்டாம் குரலையும் தனியாகப் பாடிப் பாருங்கள். அது முக்கால்வாசி நேரம் ஒரே சுரத்தில் நிற்பது தெரியவரும். அடுத்த படிகளுக்கு அது உதவும்.

5. ஒரே கார்டு, மூன்று இடங்கள்

உதாரணத்துக்கு சி சுருதியை எடுத்துக்கொள்கிறேன். சி-யை ச என்று வையுங்கள். மற்ற சுரங்கள் சங்கராபரணத்தில் வருபவை.

8-ஆம் ஃப்ரெட், பெடல் இல்லை: 3-ஆம் கம்பி க, 4-ஆம் கம்பி ச, 5-ஆம் கம்பி ப.
3-ஆம் ஃப்ரெட், ஏ, பி இரண்டும் மிதித்து: 3-ஆம் கம்பி ச, 4-ஆம் கம்பி ப, 5-ஆம் கம்பி க.
11-ஆம் ஃப்ரெட், ஏ பெடலும் எஃப் லீவரும்: 3-ஆம் கம்பி ப, 4-ஆம் கம்பி க, 5-ஆம் கம்பி ச.

மூன்றும் சி மேஜர்தான். இந்த மூன்று இடங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போக வர வேண்டும்.

3-இலிருந்து 8-க்குச் சறுக்கும்போது பெடலை விட்டுக்கொண்டே சறுக்க வேண்டும். விடுவது முந்தினால் நடுவில் ஒரு ஜி கார்டு எட்டிப் பார்க்கும். பிந்தினால் 8-இல் எஃப் கார்டு ஒலித்து, பிறகு சி-க்கு விழும். உருளை கிளம்பும்போது கால் எழும்ப ஆரம்பித்து, உருளை சேரும்போது கால் முழுதாக எழும்பியிருக்க வேண்டும். தினம் பத்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

6. எது நகர்கிறது, எது நிற்கிறது

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுங்கள். ஒவ்வொரு சிறு பகுதியையும் கேட்டு இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இரண்டு குரலும் சேர்ந்து நகர்கின்றனவா, ஒன்று நிற்க மற்றது நகர்கிறதா?

இரண்டும் ஒரே அளவு, ஒரே நேரம் ஏறினால் அது உருளை. ஒன்று அசையாமல் நிற்க, மற்றது அரையோ முழுதோ ஒரு சுரம் வழுக்கினால் அது பெடல் அல்லது லீவர். நேர் உருளையால் இரண்டாவதைச் செய்ய முடியாது. அழுவது போல ஒலிக்கிறது என்று இந்தக் கருவியைச் சொல்கிறார்களே, அந்த அழுகை பெரும்பாலும் இந்த நிற்கும் சுரத்தோடு நகரும் சுரம் உரசுவதுதான். நகர்வதை மட்டும் கேட்டு நகலெடுத்தால் அழுகை வராது.

8-ஆம் ஃப்ரெட்டில் செய்து பாருங்கள். 4, 5-ஆம் கம்பிகளைச் சேர்த்து மீட்டி, ஒலி இருக்கும்போதே ஏ பெடலை மெல்ல மிதியுங்கள். ச அப்படியே நிற்க, ப மட்டும் த-வுக்குப் போகும். அடுத்து 3, 4-ஆம் கம்பிகளை மீட்டி பி பெடல்: ச நிற்க, க மட்டும் ம-வுக்கு. இரண்டு பெடலையும் சேர்த்தால் ச, ம, த, அதாவது எஃப் கார்டு. இப்போது 3-ஆம் ஃப்ரெட்டுக்கு வாருங்கள். பெடல் இல்லாமல் அங்கே இருப்பது ஜி கார்டு: ப, நி, ரி. ஏ, பி இரண்டையும் மிதித்தால் நி ச-வுக்கும், ரி க-வுக்கும் ஏற, ப மட்டும் நிற்கும். பாட்டு வீடு திரும்புகிற இடங்களில் இந்த அசைவு வருகிறதா என்று முதலில் தேடுங்கள்.

பெடல் அசைவுகள் சிலவே என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் தேடல் சுருங்கும். 8-ஆம் ஃப்ரெட்டில் ஏ: ப→த. பி: க→ம. சி: ச→ரி, ப→த. எஃப் லீவர்: ச-விலிருந்து சுத்த ரி. இறக்கும் லீவர்: ச→நி. கேட்ட அசைவை இப்படிச் சுரமாகப் பாடிவிட்டால், எந்தப் பெடல் என்ற ஊகம் பாதி முடிந்தது.

சத்தமில்லாத மிதி என்று ஒன்று உண்டு. மீட்டும் முன்பே பெடல் கீழே இருந்தால் வழுக்கல் கேட்காது, கார்டு மட்டும் மாறியிருக்கும். புதியவர்கள் பெடல் என்றாலே வழுக்க வேண்டும் என்று நினைத்து ஒவ்வொன்றையும் இழுக்கிறார்கள். அப்படி வாசித்தால் எல்லா வரியும் ஒப்பாரியாகிவிடும். எதை மீட்டியபின் மிதித்தார், எதை மிதித்தபின் மீட்டினார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஃப்ரெட்டைத் தேர்ந்தெடுப்பது

மேலே சொன்ன மூன்று இடங்களைத் திரும்பப் பாருங்கள். 8-இல் 4-ஆம் கம்பி, 3-இல் பி பெடலோடு 3-ஆம் கம்பி, 11-இல் ஏ பெடலோடு 5-ஆம் கம்பி. மூன்றும் ஒரே மேல் ச. எதை எடுப்பது?

அந்த ச அடுத்து எங்கே போகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ச, நி என்று இறங்குகிறதா? 3-ஆம் ஃப்ரெட்டில் பி பெடலை விட்டால் போதும். 8-இலும் இறக்கும் லீவரால் முடியும், ஆனால் கீழே நிற்கும் சுரம் வேறாகிவிடும். ச, ரி என்று ஏறுகிறதா? 8-இல் சி பெடல். 11-இல் ஏ பெடலை விட்டால் முழுச் சுரம் இறங்கிக் கைசிகி நிஷாதத்துக்குப் போய்விடும்; அது வேண்டிய இடத்தில்தான் வேண்டும்.

இதையும் மனதில் வையுங்கள்: 1960-களின் தொடக்கத்துக் கருவிகள் பலவற்றில் முழங்கால் லீவர் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. லீவர் மூன்றைச் சேர்த்து மடக்கினால்தான் வருகிறது என்ற முடிவுக்கு வந்தால், பெரும்பாலும் நீங்கள் தவறான ஃப்ரெட்டில் இருக்கிறீர்கள். எளிய இடம் ஒன்று பக்கத்தில் இருக்கும்.

கண்டுபிடித்ததை உடனே எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு கம்பி, ஃப்ரெட் எண், பக்கத்தில் பெடல் எழுத்து. ‘8ஏ’ என்றால் 8-ஆம் ஃப்ரெட், ஏ பெடல். எனக்கு இருக்கும் ஒரு பழக்கம்: நிற்கும் சுரத்தை வட்டமிட்டு வைப்பேன். பிறர் எழுதிய டேப்பை இப்போது எடுத்து ஒப்பிடலாம், அதற்கு முன் வேண்டாம். முரண்பட்டால் ரெக்கார்டைக் கேளுங்கள்.

8. இடது கால்

ஏ, பி இரண்டின் மேலும் ஒரே பாதம்தான். பாதத்தைத் தூக்கி வைக்கக் கூடாது. கணுக்காலை இடப்பக்கம் சாய்த்தால் ஏ, நேராக அழுத்தினால் இரண்டும் (எம்மன்ஸ் அமைப்பில்). தூக்கி வைத்தால் தாளம் தவறும், தட்டும் சத்தம் மைக்கில் விழும்.

பெடலை அடிவரை மிதியுங்கள். பாதியில் நிறுத்துவது பின்னால் கற்க வேண்டிய வித்தை. அடியில் ஒரு தடுப்பு இருக்கிறது, சுருதி அங்கேதான் சரியாக இருக்கும். மிதிக்கும் வேகத்தையும் ரெக்கார்டிலிருந்தே எடுங்கள்: வழுக்கல் ஒரு தாள அடி முழுக்க நீள்கிறதா, சட்டென்று முடிகிறதா? கைதட்டிக்கொண்டு கேட்டால் தெரியும்.

9. உருளை

சாதாரண கிட்டாரில் விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். இங்கே உருளையின் நடுக்கோடு ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஃப்ரெட் என்பதே இங்கே வரைந்த கோடுதான், கம்பி அதைத் தொடுவதில்லை. தலையைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் கோடு நகர்ந்தது போலத் தெரியும். முடிந்தவரை நேர் மேலிருந்து பாருங்கள், இறுதி முடிவைக் காதுக்கு விடுங்கள்.

அழுத்தவும் வேண்டாம். எஃகின் எடையே போதும். அழுத்தினால் சுருதி ஏறும். மோதிர விரலும் சுண்டு விரலும் உருளைக்குப் பின்னால் கம்பிகளின் மேல் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பிகள் முனகும்.

உருளையை ஆட்டுவது (வைப்ராட்டோ) கடைசியில். முதலில் ஆடாமல் சுரத்தில் போய் நிற்கப் பழகுங்கள். தொட்டவுடனே ஆட்டுகிறவர்கள் சுருதிப் பிசகை மறைக்கத்தான் ஆட்டுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். சித்ரவீணை கேட்டுப் பழகியவர்களுக்கு, சறுக்கிப் போய் சுரத்தில் அமரும் அந்த நொடியின் அருமை தெரியும்.

10. வலது கையின் அடைப்பு

கட்டைவிரலில் பிக் (மீட்டுவதற்கு மாட்டும் நகம்), இரண்டு விரல்களில் உலோகப் பிக். 3-4-5, 4-5-6, 5-6-8, 6-8-10 என்ற நான்கு பிடிகள் இந்த சோலோவுக்கு ஏறத்தாழ போதும். மீட்டுவது எளிது, நிறுத்துவதுதான் கடினம். அடுத்த சுரத்துக்குப் போகும் முன் உள்ளங்கையின் ஓரம் கம்பிகளைத் தொட்டு முந்தைய ஒலியை அடைக்க வேண்டும். தொடும் அதே நொடியில் விரல்கள் அடுத்த கம்பிகளில் தயாராக உட்கார வேண்டும்.

அடைக்காமல் சறுக்கினால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வால் நீளும். எந்த வால் வேண்டும், எது வேண்டாம் என்பதை ரெக்கார்டு சொல்லும். அந்த மௌனங்களையும் டேப்பில் குறியுங்கள்.

11. வால்யூம் பெடல் கடைசியில்

வலது கால் இதில் இருக்கும். ஆனால் முழு சோலோவும் கையில் வரும்வரை அதைப் பாதியில் வைத்து அசைக்காதீர்கள். தொடக்கத்திலேயே சேர்த்தால் மீட்டும் சத்தத்தைப் பெடலால் மறைத்துவிடுவோம், வலது கை திருந்தவே திருந்தாது.

இதன் முதல் வேலை, சுரம் தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஒலியைச் சமமாகத் தாங்குவது. பாதியில் தொடங்கினால்தான் பின்னால் திறக்க இடம் இருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் மூடித் திறந்தால் மூச்சிரைப்பு போலக் கேட்கும். தாளத்துக்குக் கால் ஆடும் பழக்கம் உள்ளவர்கள் ரொம்ப ஜாக்கிரதை, அந்தக் கால் இப்போது உங்களுடையது இல்லை.

12. ரெக்கார்டோடு சேர்த்து

50 சதவீதத்தில் தொடங்கி, பிசகில்லாமல் மூன்று முறை வந்தால் 70, பிறகு முழு வேகம். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் பதிவு செய்து அடுத்த நாள் கேளுங்கள். அன்றே கேட்டால் கை செய்ய நினைத்ததுதான் காதில் விழும், செய்தது விழாது. பதிவில் முதலில் சுருதி, அடுத்து வால்கள், அப்புறம் பெடல் வேகம் என்று ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்.

எல்லாம் ஒட்டி வந்தபின் அதையே டி சுருதியில் வாசித்துப் பாருங்கள். பெடலும் லீவரும் கம்பியும் மாறாது, எல்லா ஃப்ரெட்டும் இரண்டு தள்ளிப் போகும், அவ்வளவுதான். இரண்டே தடவையில் வந்துவிட்டால் நீங்கள் படித்தது அசைவுகளை. தடுமாறினால் இன்னும் ஃப்ரெட் எண்களைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள். 4-ஆம் படிக்குத் திரும்பிப் போய், இரண்டாம் குரலிலிருந்து மறுபடி பாடுங்கள்.